சித்திரகுப்தன் கணக்கும் சிபில் கணக்கும்

எமலோகத்திலே சித்திரகுப்தன் என்றொரு கணக்குப்பிள்ளை இருக்கிறானாம். மண்ணிலே பிறந்த ஒவ்வொருவருக்கும் அவன் ஏட்டிலே ஒரு பக்கமாம். அந்தப் பக்கத்தை நாம் பார்க்க முடியாது. எழுதியது தவறு என்று வாதாட முடியாது. அவன் எழுதியதே எழுத்து, எமன் சொல்வதே தீர்ப்பு! இந்தக் கதையைக் கேட்டு நாம் சிரித்தோம். மேடைதோறும் எடுத்துச் சொல்லி மக்களையும் சிரிக்க வைத்தோம். ஏடு எங்கே, எழுத்தாணி எங்கே, எமலோகம் எந்தத் திசையிலே என்று கேட்டோம். பதில் சொல்ல ஆளில்லை.

இன்று சிரிப்பு வரவில்லை, தோழர்களே! ஏடு இருக்கிறது. எழுத்தாணிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எமலோகத்துக்குப் பதிலாக மும்பை இருக்கிறது. சித்திரகுப்தன் கணக்காவது செத்த பிறகு வருவது. இந்தக் கணக்கோ, உயிரோடு இருக்கும்போதே, மகளைக் கல்லூரியிலே சேர்க்கப் போகும் நேரத்திலே வந்து கழுத்தைப் பிடிக்கிறது!

2024ஆம் ஆண்டிலே திருப்பூரிலிருந்து ஒரு பெரியவர் நமது அலுவலகத்துக்கு வந்தார். பனியன் கம்பெனியிலே டெய்லர். தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்து குனிந்து முதுகு வளைந்தவர், நாணயத்திலே வளையாதவர். கையிலே ஒரு மஞ்சள் பை. பையிலே இரண்டு காகிதங்கள்.

முதல் காகிதம், டூ வீலர் லோனை முழுவதும் கட்டி முடித்ததற்காகக் கடன் கொடுத்த கம்பெனி 2021இல் தந்த என்.ஓ.சி. வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் அடமானப் பதிவு நீக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது காகிதம், வங்கி மேலாளர் அச்சிட்டுக் கொடுத்த சிபில் அறிக்கை. ஆங்கிலத்திலே இருந்தது. அதே லோன், அதே எண். எதிரிலே, பாக்கி 4,860 ரூபாய், 'எழுதித் தள்ளப்பட்டது' என்று பதிவு!

கட்டி முடித்தவருக்குப் பாக்கிக்காரர் பட்டம்! கையிலே சான்று இருக்கிறது, கணக்கிலே கறை இருக்கிறது.

அவர் மகளுக்கு நர்சிங் கல்லூரியிலே இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடன் கேட்டார். கல்விக் கடனிலே பெற்றோரும் கூட்டுக் கடனாளி ஆகவேண்டும். ஆகவே தகப்பனின் கணக்கைத் தட்டிப் பார்த்தார்கள். "சிபில் சரியில்லை" என்று இரண்டே சொல்லில் விண்ணப்பம் திரும்பி வந்தது.

பெரியவர் நம்மிடம் கேட்டார்: "அந்த சிபிலுங்கறவரு யாருங்க தம்பி? எந்த ஊர்ல இருக்கறாருங்க? நேர்ல போய்க் கால்ல விழுந்தாச்சும் கேட்டுப் பார்க்கறனுங்க."

நெஞ்சிலே ஈட்டி பாய்ந்தது போல இருந்தது நமக்கு. மனிதன் மனிதனுடைய காலிலே விழக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த இயக்கம் நமது இயக்கம். வாங்கிய கடனை வட்டியோடு கட்டி முடித்த ஒருவர், யாருடைய காலிலே, எதற்காக விழவேண்டும்? "விழ வேண்டாம் அண்ணா, எழுதுவோம்" என்றோம். அப்போதே எழுதினோம். அந்தக் கதையின் முடிவைப் பிறகு சொல்கிறோம். முதலில், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

யார் இந்த சிபில்?

சிபில் ஆள் அல்ல, ஒரு கம்பெனி. 2000ஆம் ஆண்டிலே வங்கிகளின் பங்கு முதலோடு தோன்றியது. பின்னர் பங்குகள் அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தன. இன்றைய பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். அது போல இன்னும் மூன்று உண்டு: ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். நான்கும் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவை. நாடாளுமன்றம் 2005இல் இயற்றிய கடன் விவரக் கம்பெனிகள் சட்டம் இவற்றை ஆள்கிறது.

வேலை இதுதான். நாம் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் வாங்கினால், எவ்வளவு வாங்கினோம், எத்தனை நாள் தவணை தப்பினோம், தீர்த்தோமா, இழுத்தடித்தோமா என்பதையெல்லாம் கடன் கொடுத்தவர் இந்த நான்கு கம்பெனிகளுக்கும் அனுப்புகிறார். அவை அதைத் தொகுத்து, 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகின்றன. அடுத்த கடன் கேட்கும்போது, புதிய வங்கி அந்த மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்க்கிறது. நம் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

கடனோடு நின்றதா? இல்லை. பாரத ஸ்டேட் வங்கி, பணிக்குத் தேர்வு செய்த ஒருவரின் நியமனத்தைக் கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ரத்து செய்தது. அது செல்லும் என்று 2025 ஜூனிலே சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நாம் போகவில்லை. நாம் சொல்லவருவது ஒன்றே: கடனுக்காகப் பிறந்த ஏடு, இன்று வேலைக்கும் சான்று கேட்கிறது. ஏடு அவ்வளவு வலிமை பெற்றுவிட்டதென்றால், அதிலே எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தும் உண்மையாக இருக்க வேண்டாமா?

கணக்கே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாங்கிய கடனைக் கட்டாதவனைப் பற்றி அடுத்துக் கொடுப்பவன் அறிந்துகொள்வது நியாயம். அடகு வைக்க நிலமில்லாத, நகையில்லாத ஏழைக்கு, நல்ல கணக்கு ஒன்றே சொத்தாகும். ஒழுங்காகக் கட்டினேன் என்பதே அவன் சிட்டா, அவன் பத்திரம். அதனால்தான் பொய்க் கணக்கு என்றால் நமக்குப் பொறுக்கவில்லை. பணக்காரனின் கணக்கிலே கறை விழுந்தால் அவனுக்கு வேறு சொத்து இருக்கிறது. ஏழையின் கணக்கிலே கறை விழுந்தால், இருந்த ஒரே சொத்தும் போயிற்று!

பாண்டியனும் பொற்கொல்லனும்

பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான். "இந்தச் சிலம்பு உனக்கு எப்படி வந்தது?" என்று கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது. ஆனாலும் அந்த மன்னனிடம் ஒரு மாண்பு இருந்தது. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாள். உள்ளிருந்து மாணிக்கப் பரல் தெறித்தது. உடனே பாண்டியன் பொற்கொல்லன் பக்கம் திரும்பி, "நீ ஒப்புக்கொள்கிறாயா?" என்று அனுமதி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சான்றைக் கண்டான், தவறை உணர்ந்தான், அரியணையிலேயே உயிர் விட்டான்.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். 21ஆவது பிரிவு, தவறான பதிவைத் திருத்தக் கோரும் உரிமையை நமக்குத் தருகிறது. 30 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மகிழ்ச்சி! ஆனால் கூடவே ஒரு நிபந்தனை. எந்தக் கடன் நிறுவனம் அந்த விவரத்தை எழுதிக் கொடுத்ததோ, அதே நிறுவனம் "திருத்தம் சரி" என்று சான்று கொடுத்த பிறகுதான் கம்பெனி திருத்த முடியும்.

அதாவது, கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினால் போதாது. பொற்கொல்லன் கையெழுத்துப் போட்டால்தான் கோவலன் குற்றமற்றவன்! குற்றம் சாட்டியவரிடமே தீர்ப்பு எழுதும் பேனாவையும் கொடுத்திருக்கிறார்கள் டில்லிச் சட்ட மேதைகள்!

நூறு ரூபாய் நீதி

டில்லி ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். செய்திருக்கிறார்கள், எவ்வளவு என்பதைப் பார்ப்போம்.

2016 செப்டம்பரிலே ரிசர்வ் வங்கி ஓர் ஆணை போட்டது. அதன்படி 2017 முதல், ஆண்டுக்கு ஒருமுறை நமது முழு அறிக்கையை நான்கு கம்பெனிகளும் இலவசமாகத் தரவேண்டும். 2022 செப்டம்பர் 1 முதல், ஆம்பட்ஸ்மேன் எனப்படும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இக்கம்பெனிகள் மீதும் முறையிடலாம் என்றாயிற்று. 2023 ஜூனிலே, சட்ட விதிகளைக் கடைப்பிடிக்கத் தவறியதற்காக நான்கு கம்பெனிகளுக்கும் அபராதம்: டிரான்ஸ்யூனியன் சிபிலுக்கு 26 லட்சம், கிரிஃப் ஹை மார்க்குக்கு 25.75 லட்சம், எக்ஸ்பீரியனுக்கு 24.75 லட்சம், ஈக்விஃபாக்ஸுக்கு 24.25 லட்சம். கூட்டினால் 1 கோடியே 75 ஆயிரம் ரூபாய். நான்கிலே ஒன்றுகூடத் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்!

2023 அக்டோபர் 26இல் மற்றோர் ஆணை. அது நடைமுறைக்கு வந்தது 2024 ஏப்ரல் 26இல். நாம் முறையிட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்வு காணாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வங்கிக்கு 21 நாள், மீதி நாள் கம்பெனிக்கு. தவணை தப்பியதாகப் பதிவு அனுப்பும்போது, நமக்கு எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று அதே நாளில் வந்த வேறோர் ஆணை சொல்கிறது.

நல்லது! இப்போது திருப்பூர் டெய்லரின் கதைக்கு வருவோம். கடன் கொடுத்த கம்பெனிக்கும் சிபிலுக்கும் முறையீடு போயிற்று. 27ஆம் நாள் கறை நீங்கியது. "தவறு நேர்ந்துவிட்டது" என்று ஒரு வரி. "வருந்துகிறோம்" என்று இன்னொரு வரிகூட இல்லை!

ஆனால் கல்லூரி 27 நாள் காத்திருக்குமா? முதல் தவணைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. பெரியவர் கந்துவட்டிக்காரரிடம் போனார். 60,000 ரூபாய், ஐந்து வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். அப்படியென்றால் மாதம் 3,000 ரூபாய். கொடும் வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டிலே 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். சட்டத்தைக் காட்டினால் பணம் கிடைக்காது என்பதும் தெரியும். கணக்கு திருந்தி, மறுபடி விண்ணப்பித்து, கல்விக் கடன் கைக்கு வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிற்று. 6,000 ரூபாய் வட்டி போயிற்று.

இழப்பீடு எவ்வளவு? ஒரு காசு இல்லை! ஏனென்றால் 27ஆம் நாளே திருத்திவிட்டார்களே. நூறு ரூபாய்க் கணக்கு தொடங்குவது 30 நாள் கழிந்த பிறகல்லவா? கந்துவட்டிக்கு முதல் நாளிலிருந்தே கணக்கு. நீதிக்கு 31ஆம் நாளிலிருந்துதான் கணக்கு! 4,860 ரூபாய்ப் பொய்க்கு 6,000 ரூபாய் உண்மையாகவே கட்டினார் அந்த உழைப்பாளி.

அவர் பெயருக்கு எதிரே 'எழுதித் தள்ளப்பட்டது' என்று எழுதியிருந்ததே, அந்தச் சொல்லையும் சற்று நினைத்துப் பாருங்கள். 2014-15 முதல் 2023-24 வரை பத்து நிதியாண்டுகளிலே வங்கிகள் எழுதித் தள்ளிய தொகை 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்திலே சொல்லியிருக்கிறது. "எழுதித் தள்ளுவது தள்ளுபடி ஆகாது, வசூல் நடவடிக்கை தொடரும்" என்று விளக்கமும் தருகிறார்கள். சரி, ஏற்றுக்கொள்வோம். லட்சம் கோடிக்கு விளக்கம் சொல்ல அமைச்சர் இருக்கிறார். கட்டி முடித்த கடனுக்கு எழுதிய 4,860 ரூபாய்ப் பொய்க்கு விளக்கம் சொல்ல யார் இருக்கிறார்?

கடல் கடந்து ஒரு பார்வை

"உலகெங்கும் இப்படித்தான்" என்பார்கள் கனவான்கள். இப்படித்தானா? ஒரு நாட்டைப் பார்ப்போம். 1860 நவம்பரிலே சென்னையிலிருந்து சென்ற கப்பலிலே நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய மண், அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் வாழ்கின்ற மண், தென்னாப்பிரிக்கா.

நிறவெறி ஆட்சி வீழ்ந்த பிறகு, அந்நாடு 2005இல் தேசியக் கடன் சட்டத்தை இயற்றியது. நாம் சட்டம் இயற்றிய அதே ஆண்டு! அங்கே கடனிலே மூழ்கியவர் கடன் ஆலோசகரிடம் விண்ணப்பிக்கலாம். ஆலோசகர் தவணைகளைக் குறைத்து மறுசீரமைக்க வழி செய்வார். அதுவரை, "இவர் கடன் ஆலோசனையில் இருக்கிறார்" என்று கடன் ஏட்டிலே குறி விழும். புதுக் கடன் கிடைக்காது. கடன் தீர்ந்ததும் ஆலோசகர் சான்று தருவார், குறி நீக்கப்படும்.

அங்கேயும் அநியாயம் நடக்காமல் இல்லை. தொலைபேசியிலே நயமாகப் பேசி, முறையான சம்மதம் பெறாமலே, உழைப்பாளிகளைக் கடன் ஆலோசனையிலே சேர்த்துவிட்டார்கள் சிலர். வீட்டுக் கடன் கேட்டுப் போன பிறகுதான், தம் பெயருக்கு எதிரே குறி இருப்பது பலருக்குத் தெரிந்தது. கடனைத் தீர்த்த பிறகும் சான்று கிடைக்காமல், குறி நீங்காமல் அலைந்தவர்களும் உண்டு. கைதூக்கிவிட வந்த கை, கழுத்திலே கயிற்றையும் மாட்டிய கதை!

ஆனால் அந்தச் சட்டம் குடிமகன் கையிலே கொடுத்திருக்கும் கருவிகளைக் கேளுங்கள். ஒருவரைப் பற்றிக் கெட்ட பதிவு அனுப்புவதற்கு 20 வேலை நாள் முன்பே, கடன் கொடுத்தவர் அவருக்கு அறிவிக்க வேண்டும். "இது தவறு" என்று அவர் மறுத்தால், அதற்கு ஆதாரம் தேட வேண்டியது கடன் ஏட்டை வைத்திருக்கும் நிறுவனத்தின் கடமை. மறுப்பு தீரும்வரை அந்தப் பதிவை யாருக்கும் வெளியிடக்கூடாது. நம்பத்தக்க ஆதாரம் கிடைக்காவிட்டால், காசு வாங்காமல் அழிக்க வேண்டும். கடன் ஆலோசகர் சான்று தர மறுத்தால், தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டலாம்.

இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் பிறந்த ஆண்டு ஒன்று. ஒன்று "நிரூபி" என்று கம்பெனியைப் பார்த்துச் சொல்கிறது. மற்றொன்று "நிரூபித்தாலும் காத்திரு" என்று குடிமகனைப் பார்த்துச் சொல்கிறது. நிறவெறியிலிருந்து விடுபட்டுச் சில ஆண்டுகளே ஆன நாட்டால் முடிந்தது, சுதந்திரத் திருநாளை ஆண்டுதோறும் கொண்டாடும் டில்லியால் ஏன் முடியவில்லை?

நாம் கேட்பது நான்கு

முதலாவது, சொல்லிவிட்டு எழுது! பதிவை அனுப்பும்போது வரும் எஸ்.எம்.எஸ்., தலை உருண்ட பிறகு வரும் ஓலை. அனுப்புவதற்கு முன்பே தகவல் வேண்டும்; பதில் சொல்ல அவகாசம் வேண்டும்.

இரண்டாவது, சான்று காட்டி எழுது! குடிமகன் மறுத்தால், எழுதியவர் நிரூபிக்கட்டும். நிரூபிக்கும்வரை அந்த வரி யார் கண்ணுக்கும் படக்கூடாது. நிரூபிக்க முடியாவிட்டால் அழியட்டும். பொற்கொல்லனின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நிபந்தனை, சட்டத்திலிருந்து நீங்கட்டும்.

மூன்றாவது, தவறு நேர்ந்த நாளிலிருந்து இழப்பீடு! 31ஆம் நாளிலிருந்து அளக்கும் நீதி, அரைப் படி நீதி.

நான்காவது, தமிழனுக்குத் தமிழிலே! தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தானே படித்தறியும் உரிமை அந்த டெய்லருக்கு வேண்டும். புரியாத மொழியிலே குற்றப்பத்திரிகை கொடுத்துவிட்டுப் புரிந்த மொழியிலே தண்டனை தருவது நியாயமாகுமா?

வங்கித் துறை ஒன்றிய அரசின் அதிகாரப் பட்டியலிலே இருக்கிறது. மாநில அரசு நினைத்தாலும் இந்தச் சட்டத்தைத் திருத்த முடியாது. அதிகாரம் டில்லியிலே, ஏடு மும்பையிலே, அழுகை திருப்பூரிலே! ஆகவே நமது குரல் டில்லியின் செவிப்பறையிலே மோதும்வரை ஒலித்தாக வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை கைகட்டி நிற்க வேண்டாம், தோழர்களே. இருக்கும் உரிமையை எடுத்தாளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கையை நான்கு கம்பெனிகளிடமும் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள், தெரியாத பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். கடன் முடிந்ததும் என்.ஓ.சி. வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். தவறு கண்டால் கடன் கொடுத்தவருக்கும் கடன் விவரக் கம்பெனிக்கும் ஒரே நாளிலே எழுதுங்கள். எழுதிய நாளையும் முறையீட்டு எண்ணையும் குறித்து வையுங்கள். 30 நாளிலே பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அங்கே கட்டணம் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. கல்விக் கடன் கேட்கும் மாணவர்கள் ஒன்றை நினைவிலே வையுங்கள்: சிபில் மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று 2023இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மேலாளரின் மேசையிலே அதை எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவரின் மகள் இன்று நர்சிங் படிக்கிறாள். நாளை நோயாளியின் கட்டில் ஓரத்திலே நின்று, ஒவ்வொரு மணிக்கும் காய்ச்சலையும் நாடியையும் அட்டையிலே குறிப்பாள். ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் ஓர் உயிர் போகும் என்பதை முதல் ஆண்டிலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எழுதுவதற்கு முன் நோயாளியைப் பார்; பார்த்த பிறகு எழுது!

பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும் இந்தப் பாடத்தை, கோடிக்கணக்கான பெயர்களுக்குக் கணக்கு எழுதும் கம்பெனிகள் எப்போது படிக்கப் போகின்றன? படிக்க வைக்கும் பொறுப்புள்ள டில்லி எப்போது விழிக்கப் போகிறது?

சித்திரகுப்தனின் ஏடு கற்பனை. அதைப் பகுத்தறிவால் கிழித்தோம். சிபிலின் ஏடு உண்மை. அதைக் கிழிக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறோம். காலிலே விழுந்து அல்ல, நிமிர்ந்து நின்று!